குப்பை லாரிக்குள் ஒரு கணக்குப் பாடம்

பௌர்ணமிக்கு மறுநாள் காலை எங்கள் வகுப்பில் பாதிப் பேர் தாமதமாகத்தான் வருவார்கள். இரவெல்லாம் கூட்டம், பேருந்து கிடைக்காது, வீட்டுக் கடையில் உதவி செய்துவிட்டு அப்படியே வரும் பிள்ளைகளும் உண்டு. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதை நெடுகத் தொன்னையும் காகிதத் தட்டும் தண்ணீர் பாட்டிலும் கிடக்கும். நாம் பள்ளிக்குப் போகும் நேரத்துக்கெல்லாம் பெரும்பகுதி அள்ளப்பட்டிருக்கும். அள்ளியவர்களில் சிலர் நம் மாணவர்களின் பெற்றோர்.

அப்படியொரு காலையில் ஒன்பதாம் வகுப்பில் விழுக்காடு நடத்திக்கொண்டிருந்தேன். இலாப விழுக்காட்டுக்கு உதாரணம் கேட்டபோது ஒரு மாணவன் எழுந்து, "டீச்சர், குப்பை எடுக்குற கம்பெனிக்கு எப்படி இலாபம் வரும்? குப்பையை யார் காசு கொடுத்து வாங்குவாங்க?" என்றான். வகுப்பு சிரித்தது. நானும் யோசிக்காமல், "பிளாஸ்டிக், இரும்பு எல்லாம் பிரிச்சு விப்பாங்கப்பா" என்று சொல்லிவிட்டு அடுத்த கணக்குக்குப் போக இருந்தேன். கடைசி வரிசையில் இருந்த ஒரு மாணவி, பொதுவாகக் கையைத் தூக்காதவள், "இல்ல டீச்சர். எங்கம்மா முன்ன வேற ஊர்ல கான்ட்ராக்ட்ல வேலை செஞ்சாங்க. அங்க லாரியை எடை போட்டுத்தான் கம்பெனிக்குப் பணம் தருவாங்களாம்" என்றாள்.

அவள் சொன்னதுதான் சரி. என் பதில் அரைகுறை. அன்று மாலையே குப்பை சேகரிக்கும் பெரிய நிறுவனங்களின் ஆண்டறிக்கைகளைத் தேடிப் படிக்கத் தொடங்கினேன். நான் கணிதப் பட்டதாரி ஆசிரியை, வணிகவியல் படித்தவள் அல்ல. ஆனால் அந்த அறிக்கைகளில் "பிரிவு வாரியான தகவல்" என்ற பகுதிக்கு வந்தபோது, இது நம் வகுப்பறைக்கென்றே எழுதப்பட்டது போல இருந்தது. படித்துப் புரிந்துகொண்டதை இங்கே பகிர்கிறேன்.

ஒரு கடை, மூன்று கணக்கு

முதலில் ஒரு கற்பனைக் கணக்கு. கிரிவலப் பாதையில் ஒருவர் பௌர்ணமிக்கு மட்டும் கடை போடுகிறார். ஒரு பக்கம் டீயும் போண்டாவும். அடுத்து தேங்காய், கற்பூரம். பின்னால் வாடகைக்கு எடுத்த காலி மனையில் வண்டி நிறுத்துமிடம். டீக்கடை விற்பனை 6,000 ரூபாய், செலவு 4,500. தேங்காய்க் கடை விற்பனை 5,000, செலவு 4,600. வண்டி நிறுத்தத்தில் வரவு 1,000, செலவு 1,900. மொத்தமாகக் கூட்டினால் 12,000 வரவு, 11,000 செலவு, 1,000 ரூபாய் இலாபம்.

மொத்தத்தை மட்டும் பார்ப்பவருக்கு, ஏதோ சுமாராக ஓடும் கடை என்று தோன்றும். பிரித்துப் பார்த்தால் கதை வேறு. டீக்கடை 1,500 சம்பாதிக்கிறது. தேங்காய் 400. வண்டி நிறுத்தம் 900 ரூபாயைத் தின்கிறது. அந்த மனையை அடுத்த மாதம் எடுக்க வேண்டுமா என்ற கேள்வி, பிரித்துப் பார்த்த பிறகுதான் எழுகிறது. ஒரு நிறுவனம் தன் கணக்கைப் பிரிவு வாரியாக வெளியிட வேண்டும் என்ற விதியின் நோக்கம் இவ்வளவுதான். பணம் போட்டவர், கடன் கொடுத்தவர், அந்த நிறுவனத்தோடு ஒப்பந்தம் செய்த மாநகராட்சி என எவரும் எந்தக் கிளை காய்க்கிறது, எது காய்க்கவில்லை என்று பார்க்க முடிய வேண்டும்.

இன்னொரு நுட்பம் இருக்கிறது. தேங்காய்க் கடையின் 5,000 ரூபாயில் 500 ரூபாய், நம் டீக்கடைக்கே சட்னிக்குக் கொடுத்த தேங்காய்க்கானது என்று வைத்துக்கொள்வோம். தேங்காய்க் கடைக்கு அது விற்பனை, டீக்கடைக்கு அது செலவு. ஆனால் முதலாளியின் பெட்டிக்கு வெளியிலிருந்து வந்த பணம் 11,500 மட்டுமே. எனவே மொத்தக் கணக்கில் இரு பக்கமும் 500ஐக் கழிக்க வேண்டும். வரவு 11,500, செலவு 10,500, இலாபம் அதே 1,000. இப்போது மாணவர்களிடம் கேளுங்கள்: அந்தத் தேங்காய்க்கு 500க்குப் பதில் 900 ரூபாய் என்று விலை போட்டால் என்ன ஆகும்? டீக்கடை இலாபம் 1,100 ஆகக் குறையும், தேங்காய்க் கடை இலாபம் 800 ஆக ஏறும், மொத்தம் அசையாது. வீட்டுக்குள் போடும் விலையை மாற்றினாலே ஒரு பிரிவை நல்ல பிள்ளையாகவும் இன்னொன்றைச் சோம்பேறியாகவும் காட்டிவிடலாம். என் வகுப்பில் இந்த இடத்தில்தான் அதிகம் சத்தம் வந்தது. "அப்ப ஏமாத்தலாம்ல டீச்சர்?"

எதைப் பிரிவு என்பது?

இந்தியாவில் பெரிய நிறுவனங்கள் இதற்குப் பின்பற்றும் விதி இந்தியக் கணக்கியல் தரநிலை 108. பன்னாட்டு நிதி அறிக்கைத் தரநிலை 8ஐ ஒட்டி அமைந்தது. இதன் மையக் கருத்து ஆசிரியர்களுக்கு எளிதில் புரியும். நம் பள்ளியின் தேர்வு முடிவைத் தலைமை ஆசிரியர் எப்படிப் பார்க்கிறார்? சிலர் பாட வாரியாகப் பார்ப்பார்கள், சிலர் ‘அ’ பிரிவு, ‘ஆ’ பிரிவு என்று வகுப்பு வாரியாக. எப்படிப் பார்க்கிறாரோ அப்படித்தான் அவர் கேள்வி கேட்பார், ஆள் ஒதுக்குவார், சிறப்பு வகுப்பு போடுவார். தரநிலை 108 சொல்வதும் அதுதான். நிறுவனத்தில் முடிவெடுக்கும் தலைமை, பணத்தை எங்கே போடுவது என்று தீர்மானிக்க எந்தப் பிரிப்பைப் பார்க்கிறதோ, அதையே வெளியாருக்கும் காட்ட வேண்டும். வெளியாருக்கென்று தனியாக ஒரு பிரிப்பு கூடாது.

எல்லாவற்றையும் காட்ட வேண்டியதில்லை. ஒரு பிரிவின் வருவாய், உள்விற்பனையும் சேர்த்து, மொத்தத்தில் 10 விழுக்காடோ அதற்கு மேலோ இருந்தால் தனியாகக் காட்ட வேண்டும். அல்லது அதன் சொத்து 10 விழுக்காட்டை எட்ட வேண்டும். அல்லது அதன் இலாபமோ நட்டமோ எட்ட வேண்டும். மூன்றில் ஒன்று போதும். நம் கடைக்குப் போட்டுப் பாருங்கள். வண்டி நிறுத்தத்தின் வருவாய் 12,000இல் 1,000, அதாவது சுமார் 8.3 விழுக்காடு. வருவாய்ச் சோதனையில் தப்பிவிடுகிறது. ஆனால் இலாபம் ஈட்டும் பிரிவுகளின் கூட்டுத்தொகை 1,900. நட்டப் பிரிவுகளின் கூட்டுத்தொகை 900. இரண்டில் பெரியதான 1,900இல் 10 விழுக்காடு 190. வண்டி நிறுத்தத்தின் நட்டம் 900. மறைக்க முடியாது. ஒன்பதாம் வகுப்பு விழுக்காட்டுக் கணக்குக்கு இதைவிட நல்ல உதாரணம் எனக்கு இதுவரை கிடைக்கவில்லை. இப்படித் தனியாகக் காட்டும் பிரிவுகள் எல்லாம் சேர்ந்து, வெளியிலிருந்து வரும் வருவாயில் குறைந்தது 75 விழுக்காட்டையாவது தொட வேண்டும் என்பது கூடுதல் நிபந்தனை.

உலகின் பெரிய குப்பைக் கணக்கு

இப்போது உண்மையான நிறுவனம். அமெரிக்காவின் ஹூஸ்டனைத் தலைமையிடமாகக் கொண்ட வேஸ்ட் மேனேஜ்மென்ட், வட அமெரிக்காவில் குப்பை சேகரிப்பில் மிகப் பெரியது. 2024ஆம் ஆண்டு வருவாய் சுமார் 2,206 கோடி டாலர். 250க்கும் மேற்பட்ட குப்பைக் கிடங்குகளை நடத்துகிறது. அவர்கள் தொழிலைக் கேட்டால் நாம் எப்படிப் பிரிப்போம்? வீடு வீடாகச் சேகரிப்பது ஒன்று, இடைநிலையத்தில் மாற்றி ஏற்றுவது ஒன்று, கிடங்கில் கொட்டுவது ஒன்று என்றுதானே?

அவர்கள் அப்படிப் பிரிக்கவில்லை. சேகரிப்பு, இடைநிலையம், கிடங்கு மூன்றையும் ஒன்றாகக் கட்டி, அந்தக் கட்டை நிலப்பரப்பால் இரண்டாக்குகிறார்கள். கிழக்கு அடுக்கு என்பது கிழக்கு அமெரிக்காவும் கனடாவின் பெரும்பகுதியும். மேற்கு அடுக்கு மற்றது. காரணம், நம் தேங்காய்ச் சட்னிதான். குப்பைக் கிடங்கில் கொட்டுவதற்கு ஒவ்வொரு லாரியும் டன்னுக்கு இவ்வளவு என்று கொட்டும் கட்டணம் கட்ட வேண்டும். அந்த நிறுவனத்தின் லாரி, அதே நிறுவனத்தின் கிடங்கில் கொட்டும்போதும் கட்டணம் கணக்கில் எழுதப்படும். வீடுகளிடம் 100 ரூபாய் வாங்கி, அதில் 30 ரூபாயைத் தன் கிடங்குக்கே கட்டினால், கூட்டு வருவாய் 130 என்று தெரியும். உண்மையில் வந்தது 100தான். அவர்கள் அறிக்கையில் மொத்த வருவாய், உள்வருவாய், நிகர வருவாய் என்று மூன்று நிரல்கள் இருப்பது இதனால்தான். ஒரு பகுதியின் மேலாளர் லாரிக்கும் கிடங்குக்கும் சேர்த்தே பொறுப்பு. இரண்டையும் தனித்தனிப் பிரிவாக்கினால், எதில் இலாபம் என்பது அந்த 30 ரூபாயை யார் தீர்மானித்தார்கள் என்பதைப் பொறுத்ததாகிவிடும்.

அடுத்த பெரிய நிறுவனமான ரிபப்ளிக் சர்வீசஸும் கிட்டத்தட்ட இதே வழிதான். குழு 1, குழு 2 என்று நிலப்பரப்பால் பிரித்து, தொழிற்சாலைக் கழிவு போன்ற சிறப்புச் சேவைகளைக் குழு 3 ஆக வைத்திருக்கிறது.

வேஸ்ட் மேனேஜ்மென்ட் மேலும் மூன்றைத் தனியாகக் காட்டுகிறது. ஒன்று, மறுசுழற்சி. இதில் வருவாய் பழைய காகிதம், அட்டை, பிளாஸ்டிக் ஆகியவற்றின் சந்தை விலையோடு ஏறி இறங்கும். 2018 முதல் சீனா வெளிநாட்டுக் கழிவு இறக்குமதியைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியபோது பழைய காகித விலை உலகெங்கும் விழுந்தது. நம் ஊர்ப் பழைய பேப்பர் கடைக்காரருக்கும் விலை மாறும் நாள் உண்டு. ஆனால் வீட்டுக்கு வந்து குப்பை எடுக்கும் மாதக் கட்டணம் அப்படி ஆடாது. இரண்டையும் ஒரே பெட்டியில் போட்டால் எது ஏன் குறைந்தது என்று தெரியாது. இரண்டு, கிடங்கிலிருந்து வரும் மீத்தேன் வாயுவைப் பிடித்து மின்சாரமாகவும் வாகன எரிபொருளாகவும் மாற்றும் பிரிவு. இதன் வருவாய் மொத்தத்தில் 10 விழுக்காட்டைத் தொடவே இல்லை. ஆனாலும் தனியாகக் காட்டுகிறார்கள். தலைமை அதைத் தனியாகப் பார்த்து நிர்வகிப்பதாகச் சொன்னால், சிறிய பிரிவையும் காட்டலாம். (இதில் கொஞ்சம் பெருமையும் இருக்கிறது என்று நினைக்கிறேன். படிக்கும் பிள்ளையை விருந்தாளி முன் அழைத்து நிறுத்துவது போல.) மூன்று, மருத்துவக் கழிவு. ஸ்டெரிசைக்கிள் என்ற நிறுவனத்தைச் சுமார் 720 கோடி டாலருக்கு 2024 நவம்பரில் வாங்கியபின் புதிதாக வந்த பிரிவு.

லாரிக்கு எத்தனை வயது?

"அப்ப ஏமாத்தலாம்ல" என்று என் வகுப்பு கேட்டதற்குப் பதிலும் இதே நிறுவனத்தின் வரலாற்றிலேயே இருக்கிறது. 1992 முதல் 1997 வரை அதன் அப்போதைய நிர்வாகம் காட்டிய இலாபத்தில் சுமார் 170 கோடி டாலர் பொய்யானது. 1998இல் திருத்திய கணக்கை வெளியிட வேண்டியதாயிற்று. 2002இல் அமெரிக்கப் பங்குச் சந்தை ஒழுங்காற்று ஆணையம் நிறுவனர் உட்பட 6 பேர் மீது வழக்குத் தொடுத்தது. தணிக்கை செய்த ஆர்தர் ஆண்டர்சன் அதற்கு முந்தைய ஆண்டே 70 இலட்சம் டாலர் அபராதம் கட்டியது. ஏமாற்றிய முறைகளில் முதன்மையானது, குப்பை லாரியின் தேய்மானம்.

மேல்நிலை முதலாம் ஆண்டு கணக்குப்பதிவியலில் தேய்மானம் நடத்தும் ஆசிரியர்கள் இதை அப்படியே எடுத்துக்கொள்ளலாம். எண்கள் என்னுடையவை. லாரி விலை 20 இலட்சம், ஆயுள் 8 ஆண்டு, எஞ்சிய மதிப்பு எதுவும் இல்லை என்றால் ஆண்டுத் தேய்மானம் 2.5 இலட்சம். அதே லாரிக்கு 10 ஆண்டு ஆயுள், முடிவில் 5 இலட்சத்துக்கு விற்கலாம் என்று எழுதினால் தேய்மானம் 1.5 இலட்சமாகக் குறைகிறது. பேனாவால் ஒரு கோடு. லாரிக்கு 1 இலட்சம் இலாபம் கூடிவிட்டது. 1,000 லாரி இருந்தால் 10 கோடி. ஒரு டன் குப்பைகூடக் கூடுதலாக அள்ளப்படவில்லை.

வேறொரு தந்திரமும் நடந்தது. ஒரு சொத்தை விற்றதில் வந்த ஒருமுறை இலாபத்தை, அதோடு தொடர்பில்லாத செலவுகளுக்கு எதிராக வைத்துக் கழித்து, சுமார் 49 கோடி டாலரை வெளியே தெரியாமல் செய்தார்கள். வருமான அறிக்கையில் ஒரு வரியிலிருந்து இன்னொரு வரிக்குத் தொகையை நகர்த்தும் பதிவுகளுக்கு அவர்களுக்குள் வழங்கிய பெயர் ‘புவியியல்’. சமூக அறிவியல் ஆசிரியர்கள் மன்னிக்க வேண்டும். கூட்டுத்தொகை சரியாக இருந்தாலே கணக்கு சரி என்று நாம் விடைத்தாள் திருத்தும் பழக்கத்துக்கு இது ஒரு நல்ல அடி. எந்த வரியில் என்ன இருக்கிறது என்பதும் கணக்குதான்.

நம் ஊர்ப் பக்கம்

இந்தியாவில் படம் வேறு. அங்கே இலட்சக்கணக்கான வீடுகளும் கடைகளும் வாடிக்கையாளர்கள். இங்கே குப்பை நிறுவனத்தின் வாடிக்கையாளர் பெரும்பாலும் மாநகராட்சிதான். மும்பைப் பகுதியைச் சேர்ந்த ஆன்டனி வேஸ்ட் ஹேண்ட்லிங் செல், 2021 ஜனவரி 1 அன்று பங்குச் சந்தையில் பட்டியலிடப்பட்டது. சேகரித்து எடுத்துச் செல்வதில் வரும் வருவாய், காஞ்சூர்மார்க் போன்ற இடங்களில் குப்பையைப் பதப்படுத்துவதில் வரும் வருவாய் என்று அதன் தொழிலைப் பிரித்துப் படிக்கலாம். இரண்டிலும் பணம் தருவது உள்ளாட்சி அமைப்புகளே. தரநிலை 108 இதற்கும் ஒரு விதி வைத்திருக்கிறது. ஒரே வாடிக்கையாளரிடமிருந்து 10 விழுக்காடோ அதற்கு மேலோ வருவாய் வந்தால் அந்தத் தொகையைச் சொல்ல வேண்டும், பெயரைச் சொல்ல வேண்டியதில்லை. ஒரு மாநகராட்சி பில்லைத் தாமதித்தால் நிறுவனம் எவ்வளவு ஆடும் என்பது அந்த ஒரு வரியில் இருக்கிறது. சம்பள நாளில் தூய்மைப் பணியாளர் வீடு எவ்வளவு ஆடும் என்பதும் அதில்தான்.

சென்னையில் 2000ஆம் ஆண்டு ஓனிக்ஸ் வந்தது பலருக்கு நினைவிருக்கும். அதன்பின் நீல் மெட்டல் ஃபனால்கா, ராம்கி என்று பெயர்கள் மாறின. 2020இல் உர்பேசர் சுமீத் நிறுவனத்துக்கு 7 மண்டலங்கள் 8 ஆண்டு ஒப்பந்தத்தில் கொடுக்கப்பட்டன. அந்த ஒப்பந்தத்தில் எடைக்குப் பணம் என்பதை மாற்றி, செயல்பாட்டுக் குறியீடுகளின் அடிப்படையில் பணம் என்று வைத்தார்கள். இந்த மாற்றம் ஏன் பெரியது என்பதைப் பத்தாம் வகுப்பு மாணவரிடம் கேட்டாலே சொல்வார். எடைக்குப் பணம் என்றால், நாம் வீட்டில் பிரித்து உரமாக்கும் ஒவ்வொரு கிலோவும் நிறுவனத்துக்கு நட்டம். ‘மக்கும் குப்பை, மக்காத குப்பை’ என்று சுவரில் எழுதி வைத்து நாம் கற்பிக்கும் பாடமும், ஒப்பந்தம் தரும் பணமும் எதிரெதிர்த் திசையில் இழுக்கும்.

திருவண்ணாமலை நகராட்சி 2024இல் மாநகராட்சி ஆனது. நம் உள்ளாட்சிகளும் ஒரு வகையில் பிரிவுக் கணக்குதான் வைக்கின்றன. வருவாய் நிதி, குடிநீர் மற்றும் வடிகால் நிதி, தொடக்கக் கல்வி நிதி என்று தமிழ்நாட்டு நகராட்சிக் கணக்குகள் பிரிந்திருக்கும். தண்ணீருக்கு வாங்கிய பணம் தண்ணீருக்கே போகிறதா என்று பார்ப்பதற்காக. சொத்து வரியில் கல்வி வரி என்று ஒரு பங்கு இருப்பதை வீட்டு வரி ரசீதைக் கொண்டுவரச் சொல்லி மாணவர்களுக்குக் காட்டினேன். ஆசிரியர்களிலேயே சிலர் அன்றுதான் கவனித்தார்கள்.

தொடக்க நிலை ஆசிரியர்கள் தரநிலை எண்ணெல்லாம் சொல்ல வேண்டாம். ஒரு தொங்கு தராசு போதும். வகுப்பறைக் குப்பை, சத்துணவுக் கூடக் குப்பை, மைதானக் குப்பை என்று மூன்று வாளி. ஐந்து நாள் எடை பார்த்துப் பட்டை வரைபடம் வரையட்டும். எங்கள் பள்ளியில் ஒரு வாரம் செய்தபோது எடையில் பாதிக்கும் மேல் சத்துணவுக் கூடத்துக் காய்கறித் தோலும் மீந்த சோறும்தான். கண்ணுக்கு அதிகமாகத் தெரிந்தது என்னவோ மைதானத்து மிட்டாய்த் தாள். எடையில் கிட்டத்தட்ட ஒன்றுமில்லை. மொத்தக் குப்பை இவ்வளவு கிலோ என்று மட்டும் எழுதியிருந்தால், உரக்குழி எங்கே தோண்டுவது என்று தெரிந்திருக்காது. இப்போது சமையல் கூடத்தின் பின்னால் தோண்டியிருக்கிறோம். மிட்டாய்த் தாளுக்கு மைதானத்தில் இன்னொரு கூடை வைத்தோம்.

ஒன்பதாம் வகுப்பில் இந்தப் பாடம் முடிய நான்கு பாடவேளை ஆனது. கடைசி நாள் அந்தப் பிரிவுகளை எல்லாம் கரும்பலகையில் கட்டம் போட்டு எழுதியிருந்தேன். பின்வரிசை மாணவி இந்த முறை தானாகவே கையைத் தூக்கினாள். "எங்கம்மா மாதிரி வேலை செய்றவங்க சம்பளம் இதுல எந்தக் கட்டத்துல டீச்சர் வரும்?" சேகரிப்புப் பிரிவில், செலவுப் பக்கத்தில் என்று காட்டினேன். அங்கே டீசலும் டயரும் கூலியும் சேர்ந்து ஒரே தொகையாக நின்றன. 2024 முதல் அமெரிக்க விதிகள் பிரிவின் முக்கியச் செலவுகளையும் பிரித்துக் காட்டச் சொல்கின்றன என்று சொன்னேன். அவள் சாக்பீஸை வாங்கி, செலவு என்ற கட்டத்தின் நடுவே ஒரு கோடு போட்டு, மேலே டீசல் என்றும் கீழே கூலி என்றும் எழுதிவிட்டு இடத்துக்குப் போனாள். மணி அடித்தது. அடுத்த பாடவேளை அறிவியல். வந்த ஆசிரியரிடம் அந்தக் கட்டத்தை மட்டும் அழிக்க வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன்.